அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

(ஆவடியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

டாங்கித் தொழிற்சாலை இருக்கிற ஆவடியில் நின்றுகொண்டு மன்னார்குடி மீத்தேனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இங்கே எரிவாயுக் கிணறு கிடையாது. ஆனால் சொந்த ஊர் எது என்று கேட்டால் இந்தக் கூட்டத்தில் கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் என்று எத்தனை பேர் சொல்வீர்கள்! வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரத்தில் பெண் எடுத்தவர்கள், பெண் கொடுத்தவர்கள் எத்தனை பேர்! கடை இங்கே இருக்கிறது. வாப்பாவும் உம்மாவும் கிணறும் அங்கே இருக்கின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். 2004 முதல் வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுச் சென்னைக்குத் தண்ணீர் கொண்டு வருகிறார்கள். அது காவிரியின் தண்ணீர். டெல்டாவின் நீரில் எது கலந்தாலும் அது தலைநகரின் குழாயைத் தேடி வரும் காலம் இது.

டெல்டாவின் எரிவாயுவைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நிலம் போகும், விவசாயம் போகும் என்றார்கள். அது சரி. நான் பேச வந்தது அந்த எரிவாயுவோடு மேலே வருகிற கழிவுநீரைப் பற்றி. அதை யார் குடிப்பார்கள், யார் குளிப்பார்கள், யார் உடம்பில் அது தங்கும் என்பதைப் பற்றி.

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பூமிக்குள் வெகு ஆழத்தில் களிப்பாறைகளுக்குள் எரிவாயு சிறைப்பட்டுக் கிடக்கிறது. கிணறு தோண்டினால் தானாக வராது. அதனால் தண்ணீர், மணல், ரசாயனம் மூன்றையும் கலந்து பயங்கரமான அழுத்தத்தில் உள்ளே செலுத்திப் பாறையை வெடிக்க வைக்கிறார்கள். வெடிப்பு மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கிக்கொள்ள, வாயு கசிந்து மேலே வருகிறது. இதைத்தான் நீரியல் விரிசல் முறை என்கிறார்கள். நிலக்கரிப் படுகையில் இருக்கும் மீத்தேனை எடுப்பது கொஞ்சம் வேறு. அங்கே நிலக்கரியை அழுத்திக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை முதலில் இறைத்து வெளியே கொட்ட வேண்டும்; தேவைப்பட்டால் விரிசலும் போடுவார்கள். இரண்டு முறையிலும் வாயு மட்டும் தனியாக வருவதில்லை. தண்ணீரும் சேர்ந்தே வருகிறது.

எவ்வளவு தண்ணீர்? அமெரிக்காவின் நிலவியல் ஆய்வுத் துறை சொல்லும் கணக்கை லிட்டரில் மாற்றிச் சொல்கிறேன். ஒரே ஒரு கிணற்றில் விரிசல் போட சுமார் 57 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை செல்கிறது. கோடையில் நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரி உங்களுக்குத் தெரியும். அதில் கணக்குப் போட்டால் குறைந்தது 475 லாரி. கூடினால் 5,000 லாரி. ஒரு கிணற்றுக்கு!

"ரசாயனம் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான்" என்று நிறுவனங்கள் சமாதானம் சொல்கின்றன. நீங்கள் வியாபாரிகள். சதவீதம் உங்களிடம் பலிக்காது. 475 லாரியில் நூற்றுக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஐந்து லாரி ரசாயனம். நம் தெருவில் ஐந்து லாரி ரசாயனத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் "ஒரு சதவீதம்தானே" என்று சும்மா இருப்போமா?

அந்த ரசாயனம் என்னவென்று கேட்டால் தொழில் ரகசியம் என்று பல இடங்களில் மறைத்தார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். விரிசல் கலவையிலும் கழிவுநீரிலும் இருப்பதாகத் தெரிந்த 1,021 பொருட்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 781 பொருட்களுக்கு அவர்கள் தேடிய நச்சுத்தன்மை விவரமே கிடைக்கவில்லை. விவரம் கிடைத்த 240இல் 157 பொருட்கள் கருத்தரிப்பையோ கருவில் வளரும் குழந்தையையோ பாதிக்கக்கூடும் என்பதற்குச் சான்று இருந்தது. தெரிந்ததே இப்படி இருந்தால் தெரியாத 781 எப்படி இருக்கும் என்று நாம் கேட்கக் கூடாதா?

இது மனிதன் உள்ளே அனுப்பியது. பூமி தன் பங்குக்குத் திருப்பி அனுப்புவது வேறு. லட்சக்கணக்கான ஆண்டுகள் பாறைக்குள் கிடந்த தண்ணீர் மேலே வரும்போது உப்பை அள்ளிக்கொண்டு வருகிறது. பென்சில்வேனியாவில் வந்த நீர் கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பு. கூடவே ஆர்சனிக், பேரியம், பென்சீன், கதிர்வீச்சு உள்ள ரேடியம். பென்சீன் ரத்தப் புற்றுநோயைக் கொடுப்பது. ஆர்சனிக் தோலையும் நுரையீரலையும் சிறுநீர்ப்பையையும் கெடுப்பது. ரேடியத்தை உடம்பு சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒளூ செய்யும் தண்ணீரைப் பற்றி மதரஸாவில் நமக்கு மூன்று அடையாளம் சொல்லித் தந்தார்கள். நிறம், மணம், சுவை. அசுத்தம் கலந்து இவற்றில் ஒன்று மாறிவிட்டால் அந்தத் தண்ணீரைத் தொடாதே என்றார்கள். நம் வீட்டுப் பெண்கள் இன்றைக்கும் குடத்தை முகர்ந்து பார்த்துத்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஆனால் தண்ணீரில் கரைந்த ஆர்சனிக்குக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவை கிடையாது. ரேடியத்துக்கும் கிடையாது. கண்ணும் மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்காத அசுத்தம் இது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். ஆய்வகத்தில் இன்னதைத் தேடு என்று சொல்ல விவரம் வேண்டும். அந்த விவரத்தைத்தான் தொழில் ரகசியம் என்று பூட்டி வைக்கிறார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? எரிவாயுக் கிணற்றின் பக்கத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. 2016 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட இறுதி அறிக்கை, சில சூழ்நிலைகளில் இந்தத் தொழிலால் குடிநீர் ஆதாரங்கள் பாதிக்கப்படலாம் என்று சொன்னது. 2023இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு, கிணறுகளுக்கு அருகில் வாழும் குழந்தைகளிடம் நிணநீர்ப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதைக் கண்டது. அதே ஆய்வில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயோடு தொடர்பு தெரியவில்லை. இதில் தண்ணீரின் பங்கு எவ்வளவு, காற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே "ஆபத்து இருக்கக்கூடும்" என்பதுதான் நேர்மையான வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு சமூகம் என்ன முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பென்சில்வேனியாக்காரர்கள் என்ன முடிவெடுத்தார்கள்? தொடக்கத்தில் அந்தக் கழிவுநீரை லாரியில் ஏற்றி ஊராட்சிச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்களில் கொண்டுபோய் ஊற்றினார்கள். "சுத்திகரிக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டார்கள். சாக்கடை நிலையம் மலத்தைச் சுத்தம் செய்யும். உப்பை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. உப்பு நேராக ஆற்றுக்குப் போனது. அந்த உப்பில் இருக்கும் புரோமைடு, கீழே உள்ள ஊரின் குடிநீர் நிலையத்தில் குளோரினோடு சேர்ந்தால், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் சேர்மங்கள் உண்டாகும். நோய்க்கிருமியைக் கொல்லப் போட்ட மருந்தே வினையாகிறது! 2011 மே மாதத்தில் அந்த மாநில அரசு இந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொன்னது. 2016இல் மத்திய அரசே தடை போட்டது. இடையில் 2013இல் டியூக் பல்கலைக்கழகத்தார், இந்தக் கழிவுநீரைச் சுத்திகரித்து வந்த ஒரு நிலையத்தின் வாய்க்காலடிச் சேற்றைச் சோதித்தார்கள். மேல்பக்கத்துச் சேற்றைவிடச் சுமார் 200 மடங்கு ரேடியம் இருந்தது.

ஒக்லஹோமாவில் வேறு வழி பார்த்தார்கள். எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரையெல்லாம் பூமிக்குள்ளேயே திரும்பச் செலுத்தினார்கள். நிலநடுக்கம் அபூர்வமாக இருந்த அந்தப் பூமி ஆடத் தொடங்கியது. 2016 செப்டம்பரில் 5.8 ரிக்டர்.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். உப்பையும் ரசாயனத்தையும் தண்ணீரில் கரைத்து வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் நம் சமுதாயத்திற்கு இல்லை. பாலாறு இருக்கிறது.

சகோதரர்களே, இதைப் பேசும்போது சிலருக்கு மனம் வலிக்கும். வலிக்கட்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் நம்மவர்களின் பங்கு பெரியது. அந்தத் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் கொடையை வட ஆற்காடு மறக்காது. மேல்விஷாரம் கல்லூரி அவர் பெயரால் நிற்கிறது. இதையெல்லாம் நானும் பெருமையோடுதான் சொல்கிறேன். அதே தொழிலின் கழிவுநீர்தான் அந்த ஊர்களின் கிணறுகளைக் குடிக்க லாயக்கற்றதாக்கியது என்பதையும் அதே வாயால் சொல்ல வேண்டும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களில் நம்மவர்கள் இல்லையா?

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு அதில் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்த செய்தியும் இருக்கிறது. 2001இல் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 547 ஆலைகள் கட்ட வேண்டும். வகுத்துப் பாருங்கள். ஆலைக்குச் சராசரி ஐந்து லட்சத்துக்கும் கீழே. பாதிக்கப்பட்டவருக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணறு, ஒரு தென்னந்தோப்பு, ஒரு தலைமுறையின் குடிநீர், இவற்றின் விலை ஒன்பதாயிரம்! அதற்குப் பிறகும் தீர்ந்ததா? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, இழப்பீட்டைக் கொடு, கெடுத்தவர்களிடம் வசூல் செய், ஆற்றைக் கண்காணிக்கக் குழு அமை என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து!

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. குரோமியத்தைப் பிரித்தார்கள், நாற்றத்தைக் குறைத்தார்கள். உப்பு மட்டும் போகவில்லை. தோலைக் கெடாமல் காக்கப் போட்ட உப்புதான், தோலைக் கழுவும்போது கரைந்து வந்து நிற்கிறது. சவ்வு வைத்து வடிகட்டினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம், இன்னும் கெட்டியான உப்பு நீர் மறுபக்கம். அதைக் காய்ச்சினால் உப்புக் குவியல். அந்தக் குவியலை எங்கே வைப்பது? மழை வந்தால்? சுத்திகரிப்பு என்ற பெயரில் கழிவு இடம் மாறுகிறதே தவிர, இல்லாமல் போவதில்லை.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிட்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது கழிவு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதே ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை மூடப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும், அது கொட்டிவிட்டுப் போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவால் நிலத்தடி நீர் மஞ்சளாகிப் போனது. இந்தக் குரோமியம் தோல் பதனிடப் பயன்படுவதைவிடப் பல மடங்கு கொடியது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானது. ஆலையின் லாபம் எப்போதோ பங்கு போடப்பட்டுவிட்டது; குப்பையை மட்டும் அரசும் ஏழைகளும் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த 1996 தீர்ப்பில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்றது ஒன்று. அதைவிடப் பெரியது, "என் தொழிலால் தீங்கில்லை" என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவனுடையது என்றது. நோயாளி நிரூபிக்க வேண்டியதில்லை. விவசாயி நிரூபிக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி தோல் முதலாளிக்குச் சொன்ன இந்தச் சட்டத்தைப் பன்னாட்டு எரிவாயு நிறுவனத்திற்கும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்திற்கும் சொல்ல வேண்டுமா, கூடாதா? சிறியவனுக்கு ஒரு நீதி, பெரியவனுக்கு ஒரு நீதியா? அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள். 2005இல் ஒரு சட்டம் போட்டு, டீசல் கலக்காத விரிசல் வேலைக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010இல் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுர கிலோமீட்டர் நிலக்கரிப் படுகை மீத்தேனுக்காக கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்திற்குக் கொடுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் மாநில அரசும் ஒப்பந்தம் போட்டது. ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. ஐயா நம்மாழ்வார் அந்தப் போராட்டக் களத்திலேயே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் துறந்தார். 2015 அக்டோபரில் மாநில அரசு தடை ஆணை போட்டது. 2017இல் நெடுவாசல், கதிராமங்கலம். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் அதில் சேர்ந்தன. வீராணம் இருக்கிற காட்டுமன்னார்கோயில் ஒன்றியமும் அதில் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை.

சட்டத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் கதை என்ன? 2020 ஜனவரி 16 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய் எரிவாயு இருக்கிறதா என்று தேடும் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று விதியைத் திருத்திவிட்டது. அதன் விளைவை ராமநாதபுரத்துச் சகோதரர்கள் பார்த்தார்கள். அங்கே ஓஎன்ஜிசி நிறுவனம் 20 சோதனைக் கிணறுகள் தோண்ட மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்த செய்தி 2025 ஆகஸ்டில்தான் மக்களுக்குத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு சொன்னது. சோதனைக் கிணறு என்றாலே நீரியல் விரிசல் என்று அர்த்தமல்ல. அப்படிச் சொல்லி மக்களைப் பயமுறுத்துவது தவறு. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? டெல்டாவில் விட்டால் பாமணியாறும் கோரையாறும் கொண்டுபோய்ச் சேர்ப்பது முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில். அங்கே இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்?

இந்தக் கேள்வியை ஆவடியிலும் கேட்க வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் சுற்றிலும் முலாம் பூசும் பட்டறைகள் இருக்கின்றன. அங்கேயும் குரோமியம்தான். நம் இளைஞர்கள் பலர் கையுறை இல்லாமல் அந்தத் தொட்டிகளில் வேலை செய்கிறார்கள்; கையில் ஆறாத புண் வந்தால் களிம்பு தடவிக்கொண்டு மறுநாளும் போகிறார்கள். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அந்தப் பகுதி மக்கள் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் பெரிய கட்சி அல்ல, தெருவாசிகள்.

பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களிடம் உரிமையோடு கேட்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையில் உங்கள் கழிவுநீர் எங்கே போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அங்கேதான் போகிறதா? லாரிக்காரனிடம் பணத்தைக் கொடுத்ததோடு கடமை முடிந்துவிட்டதா? அவன் இரவில் எந்த வாய்க்காலில் திறந்து விடுகிறான் என்று ஒரு நாள் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நம் பட்டறைத் தண்ணீரை நாம் பார்த்துக்கொண்டால்தான் மன்னார்குடியில் நின்று அடுத்தவனைக் கேள்வி கேட்கும்போது குரல் கம்மாமல் இருக்கும்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. உங்கள் தெருவுக்கு அருகில் உள்ள ஆலையின் இசைவாணை நகலை எழுதிக் கேளுங்கள். உங்கள் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீரையும் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரணப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, கிருமி, இவ்வளவுதான் பார்ப்பார்கள். குரோமியம், ஆர்சனிக், ஈயம் வேண்டுமென்று தனியாக எழுதிக் கொடுத்தால்தான் பார்ப்பார்கள். மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.